டிவிடெண்ட் தேதிகள்: ஒரு நாள் தவறினால் பரவாயில்லை... 7 வருடம் மறந்தால்?

``வெள்ளிக்கிழமைதானே ரெக்கார்டு தேதி? அன்னிக்குக் காலையிலேயே பங்கு வாங்கிட்டேன். அப்புறம் ஏன் எனக்கு டிவிடெண்ட் வரலை?''

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களில் பலருக்கு எழும் சந்தேகம் இது. நிறுவனம் ஏமாற்றவில்லை, புரோக்கரும் தவறு செய்யவில்லை. தேதிக் கணக்கு புரியாததுதான் சிக்கல்.

லாபத்தில் ஒரு பகுதியை நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் டிவிடெண்ட். ஆனால், பங்குகள் தினமும் கை மாறுகின்றன. இன்று இருக்கும் பங்குதாரர் நாளை இருக்க மாட்டார். அப்படியானால் பணம் யாருக்கு? இதை முடிவு செய்யத்தான் நான்கு தேதிகள்.

நான்கு தேதிகள்... ஓர் உதாரணம்

2024-ல் இன்ஃபோசிஸ் கொடுத்த டிவிடெண்டை எடுத்துக்கொள்வோம்.

அறிவிப்புத் தேதி: 2024 ஏப்ரல் 18. அன்று கூடிய இயக்குநர் குழு, பங்கு ஒன்றுக்கு இறுதி டிவிடெண்ட் 20 ரூபாய், சிறப்பு டிவிடெண்ட் 8 ரூபாய் என மொத்தம் 28 ரூபாயை அறிவித்தது. இடைக்கால டிவிடெண்ட் என்றால் இயக்குநர் குழுவின் முடிவே போதும். இறுதி டிவிடெண்டை இயக்குநர் குழு பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தர வேண்டும்.

ரெக்கார்டு தேதி: 2024 மே 31, வெள்ளிக்கிழமை. அன்றைய நிலவரப்படி பங்குதாரர் பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான் டிவிடெண்ட்.

எக்ஸ்-டிவிடெண்ட் தேதி: இதுவும் அதே மே 31. இந்தத் தேதியிலிருந்து வாங்கப்படும் பங்குக்கு இந்த டிவிடெண்ட் சேராது.

பட்டுவாடா தேதி: 2024 ஜூலை 1. வங்கிக் கணக்கில் பணம் வந்து சேரும் நாள்.

அந்த ஒரு நாள் கணக்கு

நீங்கள் பங்கு வாங்கியதும் அது அந்த நொடியே உங்கள் டீமேட் கணக்குக்கு வந்துவிடாது. அடுத்த வேலை நாளில்தான் வரும். `டி+1' என்று சொல்லப்படும் இந்த முறை, 2023 ஜனவரி 27 முதல் இந்தியச் சந்தையில் எல்லாப் பங்குகளுக்கும் நடைமுறையில் இருக்கிறது.

எனவே, மே 30 வியாழக்கிழமை இன்ஃபோசிஸ் பங்கு வாங்கியவரின் பெயர் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வாங்கியவருக்கோ பங்கு திங்கள்கிழமைதான் வந்தது. அதற்குள் பட்டியல் முடிந்துவிட்டது.

விற்பவருக்கும் இதே கணக்குதான். மே 30 விற்றவர் டிவிடெண்டையும் சேர்த்தே விற்றுவிட்டார். மே 31 விற்றவருக்கு, கையில் ஒரு பங்குகூட இல்லாவிட்டாலும், ஜூலை 1 அன்று பணம் வந்திருக்கும்.

டி+1 வருவதற்கு முன், எக்ஸ் தேதி பொதுவாக ரெக்கார்டு தேதிக்கு ஒரு வேலை நாள் முன்னதாகவே வரும். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே நாள். பழைய புத்தகங்களையும் வெளிநாட்டு வீடியோக்களையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரெக்கார்டு தேதி திங்கள்கிழமை என்றால், கடைசியாக வாங்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. இடையில் விடுமுறை வந்தால் கணக்கு மாறலாம். பங்குச் சந்தையின் இணையதளத்தில் எக்ஸ் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் வாங்கினால் லாபமா?

``அப்படின்னா எக்ஸ் தேதிக்கு முதல் நாள் வாங்கி, மறுநாள் வித்துட்டா டிவிடெண்ட் சும்மா கிடைக்குமே!'' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்போது இன்ஃபோசிஸ் பங்கு சுமார் 1,400 ரூபாய். 100 பங்குகளுக்கு 1,40,000 ரூபாய். டிவிடெண்ட் 2,800 ரூபாய், அதாவது 2%. ஆனால், எக்ஸ் தேதியில் வாங்குபவருக்கு அந்த 28 ரூபாய் கிடைக்காது. அதனால் அவர் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் விலை கேட்பார். சந்தை ஏற்ற இறக்கம் தனி. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், டிவிடெண்டாக வருவது விலையில் போய்விடும்.

அதோடு வரியும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் தொகை, வாங்குபவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு அவரவர் வரம்புப்படி வரி விதிக்கப்படுகிறது. 30% வரம்பில் இருப்பவருக்கு 2,800 ரூபாயில் 840 ரூபாய் வரிக்கே போகும், செஸ் தனி. பங்கை விற்றதில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்திலோ டிவிடெண்டிலோ கழிக்கவும் முடியாது. மற்ற மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம்.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு நாள் தாமதமாக வாங்கியவருக்கும் பெரிய நஷ்டமில்லை. பொதுவாக அவர் பங்கைக் குறைந்த விலையில் வாங்கியிருப்பார்.

இன்னொரு குழப்பம், `400% டிவிடெண்ட்' என்ற தலைப்புச் செய்தி. இந்தச் சதவிகிதம் பங்கின் முகமதிப்பின் மீதானது. இன்ஃபோசிஸ் பங்கின் முகமதிப்பு 5 ரூபாய். அதற்கு 20 ரூபாய் கொடுத்தால் 400%. நீங்கள் போட்ட பணத்தின் மீதான சதவிகிதம் அல்ல.

உண்மையான நஷ்டம் எங்கே?

ஓய்வுபெற்ற ஒருவர் 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்டுக்காகக் கொடுத்த வங்கிக் கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. வீடும் மாறிவிட்டார். பிறகு அவர் காலமாகிவிட்டார். பீரோவில் இருக்கும் பங்குகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்தின் டிவிடெண்ட் என்னவாகும்?

நிறுவனங்கள் சட்டப்படி, டிவிடெண்ட் உறுதியான 30 நாள்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். யாரும் பெறாத தொகை, அடுத்த 7 நாள்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றப்படும். 7 ஆண்டுகள் ஆகியும் யாரும் கேட்கவில்லை என்றால், அது மத்திய அரசின் `முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி'க்குப் போய்விடும். ஐ.இ.பி.எஃப். என்பது இதுதான்.

தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் பெறப்படாவிட்டால் அந்தப் பங்குகளும் அங்கே மாற்றப்படும். சில ஆயிரம் ரூபாய் டிவிடெண்டைக் கவனிக்காமல் விட்டதில், லட்சக்கணக்கில் மதிப்புள்ள பங்குகள் கையைவிட்டுப் போகலாம்.

நல்லவேளையாக, அது நிரந்தர இழப்பு அல்ல. உரிமையாளரோ வாரிசோ ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் மூலம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் ஆவணங்கள், வாரிசுச் சான்று, நிறுவனத்தின் சரிபார்ப்பு என அலைச்சல் அதிகம்.

இன்றே பார்க்க வேண்டியவை

* டீமேட் கணக்கில் இருக்கும் வங்கிக் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறதா? டிவிடெண்ட் அங்கேதான் வரும்.

* நாமினி பெயர், செல்போன் எண், மின்னஞ்சல் சரியாக இருக்கின்றனவா?

* வீட்டில் காகிதப் பங்குப் பத்திரங்கள் உண்டா? பான், வங்கி விவரங்களைப் பதிவு செய்யாத காகிதப் பங்குகளுக்கு, 2024 ஏப்ரல் 1 முதல் அவற்றைக் கொடுத்த பிறகே டிவிடெண்ட் கிடைக்கும்.

* பெறப்படாத டிவிடெண்ட் பட்டியலை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் அப்பா, அம்மா, தாத்தா பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

* ஒரு நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிடித்தம் இருக்காது.

எக்ஸ் தேதியை ஒரு நாள் தவறவிட்டதற்காக வருத்தப்பட வேண்டாம். அதைவிட, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள பெரியவர்களிடம், ``நம்ம வீட்ல பழைய ஷேர் ஏதாவது இருக்கா?'' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.