வைனுக்குக் கனதி எங்கிருந்து வரவேண்டும்?

நத்தார் நெருங்கும் காலத்தில் எமது கிராமங்களிலே பல வீடுகளின் மூலையில் ஒரு சாடி, வாய் துணியால் கட்டப்பட்டபடி இருப்பதைக் காணலாம். முந்திரிகை கிடைத்தால் முந்திரிகை, கிடைக்காவிட்டால் நாவற்பழம், அன்னாசி, நெல்லி. இடம்பெயர்ந்து கொட்டில்களில் வாழ்ந்த காலத்திலும் இந்த வழக்கத்தை விடாத குடும்பங்களை நாம் அறிவோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்கள் விட்டுவந்தவற்றுள் முந்திரிகைப் பந்தல்களும் அடங்கும். நீரிறைக்க ஆளின்றி அக்கொடிகள் பட்டுப்போயின. காணி திரும்பக் கிடைத்தோரிற் சிலர் மீண்டும் கொடி நாட்டியுள்ளனர். அந்தக் கொடியின் முதற்பழத்திலிருந்து ஒரு போத்தல் வைன் செய்வது அவர்களுக்கு வெறும் குடிவகை அல்ல என்பதும் எமக்கு விளங்குகிறது.

அப்படியான ஒரு வீட்டிலே அண்மையில் எமக்கும் ஒரு சிறு கிளாசு தந்தார்கள். நிறம் நன்று. வாயில் தேன்போல் வழுவழுப்பாக நின்றது. “என்ன அக்கா போட்டனீங்கள்?” என்று கேட்டோம். அவர் உள்ளே சென்று ஒரு பிளாஸ்ரிக் கானைக் கொண்டுவந்து காட்டினார். அதன்மேல் ‘கிளிசரின்’ என்று பேனையால் எழுதியிருந்தது. எங்கே செய்தது, எதற்காகச் செய்தது என்று ஒன்றும் இல்லை. சவர்க்காரம் செய்யும் ஒருவர் கொடுத்தாராம். “மற்ற வீட்டு வைன் தண்ணி மாதிரி. எங்கட வைனைத்தான் சனம் கேட்டு வருகுது” என்றார். அந்தப் பெருமையைக் குலைக்க எமக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. அங்கே சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

கிளிசரின் என்பது தன்னளவில் நஞ்சு அல்ல. பழச்சாறு புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவே அதை உண்டாக்குகிறது. சாதாரண வைனில் லீற்றருக்கு 5 முதல் 10 கிராம் வரை இயல்பாகவே உண்டு. உணவுக்கென்று தயாரித்த கிளிசரினும் உண்டு. ஆபத்து, பெயர் தெரியாத கானில்தான் இருக்கிறது. டைஎதிலீன் கிளைக்கோல் என்றொரு இரசாயனம் உண்டு. அதுவும் நிறமற்றது, தடிப்பானது, இனிப்பானது. கண்ணாலும் நாக்காலும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் அது சிறுநீரகத்தை அழித்துவிடும். ஹெயிற்றி நாட்டில் 1995, 1996 ஆம் ஆண்டுகளில் இந்த இரசாயனம் கலந்த கிளிசரின் காய்ச்சற் பாணியிலே சேர்ந்தமையால் 80 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். மருந்து செய்தவர்களே ஏமாந்த இடத்தில், அடுப்படியில் நிற்கும் நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்?

வைனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. ஒஸ்ரியா நாட்டில் சில வைன் உற்பத்தியாளர்கள், நீர்த்துப்போன வைனுக்குக் கனதியும் இனிப்பும் ஊட்ட இதே டைஎதிலீன் கிளைக்கோலைக் கலந்தனர். 1985 இல் அது வெளிப்பட்டது. உயிரிழப்பு எதுவும் அறியப்படவில்லை. ஆனால் அந்நாட்டு வைனை எவரும் வாங்கவில்லை. ஏற்றுமதி ஏறத்தாழப் பத்திலொன்றாகச் சரிந்தது. கலப்படம் செய்யாத சிறு தோட்டக்காரரும் சேர்ந்தே அடிபட்டனர். அடுத்த ஆண்டு இத்தாலியில், வைனின் வலுவைக் கூட்டுவதற்கு மெதனோல் கலந்தார்கள். அங்கே 20 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வீட்டின் குறுக்குவழி, ஊர் முழுவதன் பெயரையும் கெடுத்துவிடும் என்பதே இதிலுள்ள பாடம்.

அப்படியாயின் எதையுமே சேர்க்கக்கூடாதா? எமது கருத்து அதுவன்று. சேர்மானம் எமக்குப் பழக்கமானதே. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். இது பனையடியில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எவ்வளவு போடவேண்டும் என்பதும் தெரியும். இந்த அறிவு இருக்கும்வரை சேர்மானம் கைப்பக்குவம். அறிவு போய்விட்டால் அது சூதாட்டம். சமையலறையில் தனியாக எடுத்து உண்ணத் துணியாத எதையும் சாடிக்குள் போடக்கூடாது என்ற அளவுகோல் எமக்குப் போதும்.

வைன் ஏன் நீர்த்துப்போகிறது என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலும் பழம் போதாமையே காரணம். 2 கிலோ பழத்தைப் பிசைந்து, 5 லீற்றர் தண்ணீர் ஊற்றி, மீதியைச் சீனியால் ஈடுசெய்கிறோம். சீனி மதுசாரத்தைக் கூட்டுமே தவிரக் கனதியைத் தராது. லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி, நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரமாகும். அளவு மீறிய சீனியே தொண்டையை எரிக்கிறது. நல்ல முந்திரிகை என்றால் தண்ணீரே வேண்டாம். 5 லீற்றர் வைனுக்கு 7 முதல் 8 கிலோ பழம் வேண்டும். பழம் குறைவென்றால் வைனையும் குறைவாகச் செய்வதே நேர்மை.

அதற்குமேலும் கனதி வேண்டுமானால் எமது வளவிலேயே வழி உண்டு. நன்கு கனிந்த கதலியோ இதரையோ அரைக் கிலோ எடுத்து, தோலை நீக்கி, துண்டாக்கி, ஒரு லீற்றர் நீரில் அரைமணி நேரம் அவித்துப் பிழியாமல் வடித்தெடுங்கள். ஆறியபின் அந்த நீரை, புளிக்கத் தொடங்குமுன் 5 லீற்றர் சாற்றுடன் சேருங்கள். பிழிந்தால் வைன் கலங்கும். கால் கிலோ முந்திரிகை வற்றலைச் சுடுநீரில் கழுவி, நறுக்கிப் போட்டாலும் கனதி வரும். அன்னாசி வைன் சப்பென்று இருந்தால், துவர்ப்புக்காக ஒரு கோப்பை கடுந்தேயிலைச் சாயம் சேர்க்கலாம். நாவலுக்கும் கறுப்பு முந்திரிகைக்கும் அது வேண்டாம். அவற்றிலே துவர்ப்பு போதியளவு உண்டு.

கரகரப்புக்குக் காரணங்கள் வேறு. விதையை நசுக்குவதும், காம்போடு போடுவதும், சூட்டில் புளிக்கவிடுவதும் அவற்றுள் முக்கியமானவை. தகரக் கூரையின்கீழ் சாடியை வைக்கவேண்டாம். நிழலில், ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்த்துக் கண்ணாடியோ நன்கு மெருகிட்ட பீங்கான் சாடியோ பாவியுங்கள். நுரைப்பு அடங்கியதும் மண்டியை அசைக்காமல் குழாயால் வேறு போத்தலுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்புங்கள். குமிழி வரும்வரை இறுக மூடவேண்டாம், போத்தல் வெடிக்கும். காற்றுப் படவும் விடவேண்டாம், வினாகிரியாகும். மெல்லிய குழாயொன்றை மூடியில் இறுகப் பொருத்தி, அதன் மறுமுனையை நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்தினால் இரண்டும் தீரும்.

பிரான்சின் போர்டோப் பகுதியில் துவர்ப்பை அடக்க 225 லீற்றர்ப் பீப்பாவுக்கு ஐந்தாறு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய முறை. எமது 5 லீற்றர்ச் சாடிக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் எட்டிலொரு பங்கே போதும். அதைவிட மலிவானது பொறுமை. ஆறு மாதம் வைத்த வைனில் வரும் மென்மையை எந்தக் கானும் தராது. நத்தாருக்கு வேண்டுமாயின் ஆனியிலேயே தொடங்கவேண்டும். பரிமாறும்போது சிறிது சீனிப்பாகு சேர்த்தால் புளிப்பும் அடங்கும். சாடியிலே சேர்த்தால் மீண்டும் புளிக்கத் தொடங்கலாம்.

இன்னுமொன்றைச் சொல்லாவிட்டால் கடமை தவறியவராவோம். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே தொடங்குமுன் மதுவரி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். குடியால் அழிந்த குடும்பங்களை முகாம்களிலே கண்டவர்கள் நாம். எவருக்கும் புதிதாகக் குடியைப் பழக்குவது எமது நோக்கமன்று. பழத்திலிருந்து வருமானம் தேடுவோர் நெல்லிச்சாறு, முந்திரிகைப் பாணி போன்றவற்றைச் செய்வதே மேல். அங்கும் பெயரற்ற சாயமும் கானும் வேண்டாம்.

அந்த அக்கா அன்று எதுவும் பேசவில்லை. மறுவாரம் சென்றபோது சாடி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. எட்டுப் போத்தல் வைனை வேலியோரம் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். ஒரு பருவத்துப் பழம் அது. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து வந்தவருக்கு அது சிறிய இழப்பல்ல. “ஆருக்கும் ஏதும் நடந்திருந்தால் இந்த ஊரிலை பிறகு எப்படி இருக்கிறது?” என்றார். மீளக் குடியேறிய ஊரில் எமக்கு முதலில் வேண்டியது அயலாரின் நம்பிக்கை. சற்று நீர்த்த வைனாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.