தனுஷ்கோடி தேவாலயம்: புயலுக்குத் தப்பிய சுவர்கள் இப்போது உதிர்வது ஏன்?

ராமேஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் தனுஷ்கோடியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அங்கே கூரை இல்லாமல் நிற்கும் தேவாலயத்தின் முன் ஒரு செல்ஃபி கட்டாயம். 1964 புயலையே தாங்கிய அந்தச் சுவர்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வருகின்றன. என்ன காரணம்? காப்பாற்ற வழி இருக்கிறதா?

அன்று என்ன நடந்தது?

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடி பரபரப்பான துறைமுகமானது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளி என எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் அந்த ஊரையே வாரிச் சுருட்டியது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அலை கவிழ்த்ததில் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

சுவர் ஏன் உதிர்கிறது?

இது பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்டது. அந்தக் கல்லில் நுண்துளைகள் அதிகம். உப்புக் காற்றின் ஈரம் துளைக்குள் போகிறது. வெயிலில் நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. கூரை இல்லாததால் மழையும் நேரடியாக இறங்குகிறது.

மனிதர்களின் பங்கும் உண்டு. முன்பெல்லாம் மணலில் வேனிலோ ஜீப்பிலோதான் போக முடியும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு காரும் பஸ்ஸும் நேராகவே போகின்றன. சுவரில் ஏறுவது, பெயரைக் கீறுவது, ஞாபகமாக ஒரு கல்லை எடுத்து வருவது எல்லாமே சேதம்தான்.

சிமெண்ட் வச்சு பூசிட்டா போதாதா?

போதாது. சிமெண்ட் பூச்சு ஈரத்தையும் உப்பையும் உள்ளேயே அடைத்துவிடும். பக்கத்துக் கல் இன்னும் வேகமாக உதிரும். இத்தகைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருத்தம். இன்னொரு சிக்கல், பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதனால் உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகக் கடலில் இருந்து புதுக்கல் வெட்டி எடுக்க முடியாது. இருக்கிற கல்தான் இருப்பு.

தரங்கம்பாடி சொல்வது என்ன?

பழைய தஞ்சை மாவட்டத்தின் தரங்கம்பாடியிலும் அடிப்பது உப்புக் காற்றுதான். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதே ஊரில் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஓடு உடைந்தாலும் சுவர் கசிந்தாலும் அதைக் கவனிக்க அங்கே ஆள் இருக்கிறது.

தனுஷ்கோடி தேவாலயமோ தன் ஊரையே ஒரே இரவில் இழந்துவிட்டது. இன்று அதைத் தேடி வருவது சுற்றுலாப் பயணிகள்தான். ஆகவே சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு அந்தச் சுவர்களுக்கும் போக வேண்டும். நிரந்தரக் காவலாளியும், நடந்ததைச் சொல்லும் ஒரு பலகையும் வேண்டும். போகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: தள்ளி நின்று போட்டோ எடுங்கள், கல்லை அங்கேயே விட்டு வாருங்கள்.