பெடல் விழுந்தவுடன் கியர்பொக்ஸை இறக்க வேண்டாம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். அவற்றின் விலையும் நம் சம்பளத்துக்கு எட்டாது. ஆக, இருபது முப்பது வருடப் பழைய கார்களோடுதான் நம்மில் பலர் ஓடுகிறோம்.

கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே கிடந்தால், "பிளேட் போயிட்டு, கியர்பொக்ஸ் இறக்கணும்" என்ற சொல்லுக்கு உடனே தலையாட்டி விடுகிறோம். பிளேட் தேய்ந்தால் அடையாளம் வேறு: எஞ்சின் இரையும், ஏற்றத்தில் வேகம் வராது. பெடல் விழுவது பெரும்பாலும் பிளேட்டின் குற்றமல்ல.

ஹைட்ரோலிக் கிளட்ச் என்றால் முதலில் பொனட்டைத் திறந்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ லீக். பெடலுக்கு மேலே கம்பி நுழையும் இடம் நனைந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பொக்ஸ் பக்கத்து ரப்பர் உறையில் ஈரமென்றால் ஸ்லேவ் சிலிண்டர். எங்கும் ஈரமில்லை, ஆனால் அழுத்திப் பிடிக்க மெல்ல இறங்குகிறதா? மாஸ்டரின் உள் சீல் தேய்ந்திருக்கலாம். பல தடவை மிதித்தால் உயர்கிறதா? காற்றுப் புகுந்திருக்கலாம். மாருதி 800 போன்றவற்றில் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவசரத்துக்கென்று எஞ்சின் ஒயில் ஊற்றாதீர்கள். சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் மட்டுமே.

பாஸ்மார் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்கத் தெரியாதவரிடம் காரணம் சொல்ல யாருக்கும் அவசியம் வராது. "எங்கே லீக், காட்டுங்க பாஸ்" என்று கேட்போம். கழற்றிய பழைய சாமானையும் கையில் வாங்கிப் பார்ப்போம். ஒரு ரப்பர் சீலுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க நம்மால் முடியாது.