நிமிஷத்திற்கு எத்தனை சொல்?

சென்ற மாதம் ஒரு மாலை, கண்டி வாவிக்கரையில் அமர்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, என் கையிலிருந்த பத்திரிகையை மௌனமாக வாசிக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் 130 சொற்கள் தேறின. "ஆங்கிலம் வாசிப்போர் சராசரி 238, தமிழாசிரியராகிய தாங்கள் இவ்வளவுதானா?" என்று நகைத்தார்.

அந்த எண் கற்பனையன்று. பெல்ஜிய நாட்டு அறிஞர் மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட கணக்கு அது. வளர்ந்தோர் ஆங்கிலக் கட்டுரையை மௌனமாக வாசிக்கும் வேகம் 238, கதையாயின் 260, வாய்விட்டு வாசித்தால் 183. கணக்கிற் குறையில்லை. அதையே தமிழுக்கும் முழக்கோலாக்குவதுதான் குறை.

'வராதவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும். 'வந்துகொண்டிருந்தார்' என்பதை அச்சுக்கோப்பவர் சேர்த்தால் ஒன்று, பிரித்தால் இரண்டு. அச்சகத்தாரின் விருப்பப்படியா என் வேகம் ஏறியிறங்குவது? 17 மொழிகளில் வாய்விட்டு வாசிப்பதை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஆங்கிலம் 228, பின்லாந்து மொழி 161. அம்மொழியும் தமிழ்போல் விகுதிமேல் விகுதி அடுக்குவது. அதற்காகப் பின்லாந்து மக்களை மந்தர் என்பாருண்டோ?

எழுத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை மாத்திரை என்று தொல்காப்பியர் அன்றே வகுத்தார். எழுத்தெண்ணி அளந்தால் ஓரளவு நியாயம் கிட்டும். ஓரளவுதான்.

கண்டிக்கு அப்பால் மலைத்தோட்டம் ஒன்றில் நடக்கும் முதியோர் வகுப்பிற்கு நான் இடையிடையே செல்வதுண்டு. அங்கே கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவர் ஐம்பது வயதிற்கு மேல் எழுத்துக் கற்றவர். கடிகாரம் வைத்தால் நிமிஷத்திற்கு 30 சொல்லும் தேறாது. ஆனால் சம்பளச் சீட்டை விரல் வைத்து வாசித்து, ஒரே கழிவு இருமுறை போடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவரே. அதே பிழை தம் சீட்டிலும் இருக்க, பள்ளி சென்ற இளைஞர் மூவர் ஒரு பார்வையில் படித்து மடித்து வைத்திருந்தனர்.

அவ்வகுப்பில் இப்போது வேகத்தேர்வு நடத்தப் போகிறார்களாம். நடத்தட்டும், வாசித்ததன் பொருளைப் பற்றி இரண்டு கேள்விகளும் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். அம்மையார் தயங்கவில்லை. தேர்வுக்கு முன் கண்ணாடியை மாற்றிக்கொள்ள, கண்டிக்குப் போய்வர ஒருநாள் விடுப்பு மட்டும் கேட்டிருக்கிறார்.