ஜேர்மன் வகுப்புக்குத் தமிழையும் கூட்டிட்டுப் போவோம்

ஜேர்மன் படிக்கத் தொடங்குற எல்லாரும் முதல்ல பயப்படுறது டெர், டீ, டாஸ் மூன்றுக்கும்தான். ஆனா உண்மையில ஆளைக் கவிழ்க்கிறது டொஹ், மால், ஷோன், யா, ஹால்ட் மாதிரிக் குட்டிச் சொற்கள். அகராதியில 'ஷோன்' என்றால் 'ஏற்கனவே'. "இஹ் ஹாபே ஷோன் கெகெஸ்ஸன்", 'நான் ஏற்கனவே சாப்பிட்டுட்டேன்'. சரி. ஆனா சோதனைக்குப் போற ஒருத்தரிட்ட "டாஸ் ஷாஃப்ஸ்ட் டு ஷோன்" என்று சொன்னா, 'ஏற்கனவே' எங்க போச்சு? 'நீ எப்படியும் செஞ்சிருவ' என்று தைரியம் சொல்றதுதான் அது.

இந்தச் சொற்களை இங்கிலீஷ் வழியாப் படிக்கிறது வீண் சுத்து. தமிழ் வழியாப் படிச்சா பாதி வேலை முடிஞ்சுது. இதுதான் என்ட கருத்து.

'மால்' எடுங்க. 'ஒரு தடவை' என்று பொருள்படுற 'ஐன்மால்' சுருங்கி வந்த சொல். ஆனா "கொம் மால்" என்றால் யாரும் தடவையை எண்ணுறதில்ல. "ஒருக்கா வாங்க" என்று சொல்லும்போது நாங்களும் எண்ணுறமா? கட்டளையை மெதுவாக்குறம், அவ்வளவுதான். பல்லேகம பக்கம் கடையில "பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில சொல்ற 'கொஞ்சம் இருங்க'வும் இதே வேலையைத்தான் செய்யுது. இதையே இங்கிலீஷில 'வன்ஸ்' என்று போட்டுப் பாருங்க, வசனம் செத்துப்போகும்.

'யா' என்றால் 'ஓம்'. ஆனா "எஸ் ரேக்னெட் யா!" என்பது "அட, மழை பெய்யுதே!" "டாஸ் இஸ்ட் ஹால்ட் ஸோ" என்பது "அது அப்படித்தான்". "கொம் டொஹ்" என்பது "வாயேன்". தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு மட்டும் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று 5 பொருள் சொல்லுது. ஒரே எழுத்து, இடத்தைப் பார்த்துப் பொருள். அந்தப் பழக்கம் எங்கட காதில ஏற்கனவே இருக்கு.

தமிழ் காலை வாருற இடமும் உண்டு. "நீ வரலையா?" என்று கேட்டா, வராதவர் "ஓம், வரல" என்பார். ஜேர்மனில வராதவர் 'நைன்' என்று சொல்லணும். வாறவர் 'யா' சொல்லக்கூடாது, 'டொஹ்' என்று மறுக்கணும். இந்த வித்தியாசத்தையும் தமிழோட ஒப்பிட்டுக் காட்டினாத்தான் மனசில நிக்கும்.

இது வெறும் மொழி ஆசை இல்ல. 2007க்குப் பிறகு, கல்யாணம் முடிச்சு ஜேர்மனியில இருக்கிற துணையிட்டப் போறவங்க பொதுவா ஏ-1 சோதனை சித்தியடைஞ்சாத்தான் விசா. அந்த வகுப்புகளில இருக்கிற எத்தனையோ பேருக்கு இங்கிலீஷே இரண்டாவது சுமை. ஒரு தெரியாத மொழியை இன்னொரு அரைகுறை மொழியால விளங்கப்படுத்தினா, குடும்பம் சேருற நாள்தான் தள்ளிப்போகும்.

"மொழிபெயர்க்காத, ஜேர்மனிலேயே யோசி" என்று சொல்றவங்க இருக்காங்க. நல்ல அறிவுரைதான், கொஞ்சம் முன்னேறின பிறகு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன்காரர் சீகன்பால்க் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். 1716இல் ஹாலேயில அச்சான அந்தப் புத்தகம் தமிழை விளக்கினது லத்தீனில, அதாவது அதைப் படிக்கப்போற ஐரோப்பியருக்குத் தெரிஞ்ச மொழியில. 300 வருஷத்துக்குப் பிறகு எங்களுக்கு மட்டும் ஏன் அந்த வசதி இல்ல?

இப்ப படிக்கிறவங்க ஒரு வேலை செய்யுங்க. கொப்பியில 'டொஹ்' என்று எழுதி எதிர்ல ஒரு சொல்லைப் போடாதீங்க. யார், யாரிட்ட, என்ன நேரத்தில சொன்னாங்க என்று எழுதி, அதே இடத்தில உங்கட அம்மா என்ன சொல்லியிருப்பா என்று பக்கத்தில எழுதுங்க. படிப்பிக்கிறவங்களும் இதையே கரும்பலகையில செய்தா, அந்தக் குட்டிச் சொற்கள் யாரையும் கவிழ்க்காது.