மண்ணுக்கும் சோறு போடுங்கள்

ஜீவாமிர்தம் ஊற்றுகிறோம், அசோஸ்பைரில்லம் கலக்கிறோம். ஆனால் அறுப்பு மெஷின் வெளியே போனதும் வைக்கோலைக் கொளுத்துகிறோம். இல்லையென்றால் கட்டுக் கட்டி முழுசையும் விற்கிறோம். விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு அடுப்பை அணைக்கிற மாதிரி இருக்கிறது இது.

நான் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். வயலில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று, சத்துக் கணக்கு. தழை, மணி, சாம்பல் சத்துகள் மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து மாட்டுக்கும், சாணமாகி மறுபடி மண்ணுக்கும் கைமாறிக்கொண்டே இருக்கும். பணப்புழக்கம் மாதிரி. இன்னொன்று, ஆற்றல் கணக்கு. இதில் சுழற்சியே கிடையாதுங்க. பச்சை இலை வெயிலைப் பிடித்து மாவாக, நாராகச் சேர்க்கிறது. அதைத் தின்னும் உயிர், பெரும்பகுதியைத் தான் பிழைக்கச் செலவழித்துச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. போனது திரும்பாது.

அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் லிண்டமன் 1942-ல் ஒரு சிறு ஏரியை வைத்து இந்தக் கணக்கை எழுதினார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்ச்சேர்வது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். இடத்துக்கு இடம் கூடும், குறையும். வயலில் புல் நிறைய, வெட்டுக்கிளி குறைவு, தவளை அதிலும் குறைவு, பாம்பு ஒன்றிரண்டு என்று இருப்பது இதனால்தான்.

நெல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வைக்கோலும் விளைகிறது. நெல் நம் பங்கு. வைக்கோல் பூஞ்சை, பாக்டீரியா, மண்புழுக்களின் பங்கு. கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும். "சாம்பலும் உரம்தானே" என்று சிலர் சொல்றாங்க. சாம்பல்சத்தில் பெரும்பகுதி தங்குவது உண்மைதான். ஆனால் சாம்பலில் தின்ன எதுவும் இல்லை. கரைசலில் நாம் விடுகிற நுண்ணுயிர் எதைத் தின்று பெருகும்?

ஜாவா தீவின் நெல்வயல்களில் நடந்த ஓர் ஆய்வு 1996-ல் வெளிவந்தது. மட்கும் பொருள் கூடுதலாகப் போட்ட வயல்களில், அதை நம்பி வாழும் சின்னப் பூச்சிகள் முதலில் பெருகின. அவற்றைத் தின்று, சிலந்தி போன்ற இரைவிழுங்கிகளும் பயிர் இளசாக இருக்கும்போதே பெருகின. பயிரைத் தின்னும் பூச்சி வருவதற்குள் காவல் தயார்! பூச்சி மேலாண்மையும் மட்கிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த நடவுக்கு நாள் இல்லை, ஆள் கூலி கட்டுபடியாகவில்லை என்பது நியாயமான பேச்சுதான். மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலைப் போட்டுச் சாணத்தை வயலுக்குக் கொண்டுவாருங்கள். மற்றவர்கள் பாதியையாவது வயலில் விடுங்கள். மடக்கி உழுத உடனே நட்டால் மட்கும் வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிர் வெளுக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். கோடையில் தண்ணீர் வசதி இருந்தால் தக்கைப்பூண்டு விதையுங்கள். தரிசில் விழுகிற வெயிலை யாரும் பிடிப்பதில்லை.

நம் கூட்டங்களில் கரைசல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அதில் பாதி நேரத்தை இனி வைக்கோலுக்குக் கொடுப்போம்.