பணக்கார வியாதி அல்ல

“உடம்பு வணங்கி வேலை செய்றவனுக்கு டிப்ரஷன் எங்கிருந்து வரும்? அதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவங்க வியாதி.” மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள படித்த தமிழர்கள் இப்படிச் சொல்கிறார்கள். தாராவியில் பட்டறை நடத்துபவர்களும் சொல்கிறார்கள். பெருங்கொடுமை, அந்தப் பட்டறையில் வேலை செய்பவரே இதை நம்புவதுதான். தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, எதிலும் பிடிப்பற்றுப் போனாலும் வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுநாள் மிஷினில் உட்கார்ந்துவிடுகிறார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2021இல் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர்! வேறெந்தத் தொழில் பிரிவிலும் இத்தனை சாவு இல்லை. எல்லாச் சாவுக்கும் வேலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உழைப்பு மனதைக் காக்கும் கவசம் என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழு, மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களுக்கே இதய நோய் அதிகம் என்று கண்டது. தன் வேலையில் தன் சொல் எடுபடாத நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். நிரந்தர வேலையும் பென்ஷனும் உள்ளவர்களுக்கே அந்தக் கதி. தாராவியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு எந்தச் சொல் எடுபடும்? ஆர்டர் வந்தால் நள்ளிரவு வரை வேலை. வராவிட்டால் கூலியே இல்லை. ரேட்டை வைப்பது வெளியே இருக்கும் சேட். பலருக்கு வேலை செய்யும் அறையே படுக்கும் அறை, ஆகவே வேலை முடிந்து போக ஓர் இடமும் கிடையாது. ஊருக்குப் பணம் அனுப்பும் தேதி மட்டும் தவறாமல் வருகிறது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டு உயர்ந்தவர்களின் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டியே இன்றைய தொழிலாளியின் வாயை அடைப்பது அநியாயம். “நாங்க படாத கஷ்டமா?” என்று கேட்டால் அவர் அதற்குமேல் எதைச் சொல்வார்?

சிகிச்சைக்குச் சயான் மருத்துவமனை தாராவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் காலை ஓபிடி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பட்டறை முதலாளிகளே, வாரம் ஒரு நாள் கூலியோடு விடுப்பும், தேதி தவறாத சம்பளமும் கொடுங்கள். தமிழ்ச் சங்கங்களே, கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416ஐ ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தமிழில் எழுதி வையுங்கள்.